நெருப்பில் பிறந்து கடலில் மறையும் தீவுகள்!

மனிதனுக்கு மட்டுமா ஆயுள்? தீவுக்கும் உண்டு! அது பிறக்கிறது, வளர்கிறது, முதுமை அடைகிறது, கடைசியில் மறைந்தும் போகிறது. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் கதை இது.

2018-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி. மாலை நேரம்.

ஹவாய்த் தீவுகளிலேயே பெரியதை மக்கள் "பெரிய தீவு" என்றே அழைக்கிறார்கள். அதன் கிழக்குப் பக்கத்தில் லெயிலானி என்று ஒரு குடியிருப்பு. சில நாட்களாகவே அங்கு நிலம் அதிர்ந்து கொண்டிருந்தது. தெருக்களில் சிறுசிறு வெடிப்புகள் தோன்றியிருந்தன.

அன்று மாலை நிலம் பிளந்தது! பிளவில் இருந்து முதலில் புகை வந்தது. பிறகு நெருப்பு வந்தது. உருகிய பாறை, வாணம் விட்டதுபோல் சீறி எழுந்தது. மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

மறுநாள் ஒரு பெரிய பூகம்பம். அதன் அளவு 6.9. தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக 24 இடங்களில் நிலம் வாய் பிளந்தது. தீக்குழம்பு ஆறாகப் பெருகிக் கடலை நோக்கி ஓடியது. வழியில் இருந்த வீடு, தோட்டம், சாலை எல்லாம் அதற்கு இரையாயின.

ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்த நெருப்பு ஆறு கபோஹோ என்ற இடத்தை அடைந்தது. அங்கு கடற்கரை ஓரம் ஓர் அழகான சிறு வளைகுடா இருந்தது. அதைச் சுற்றி வீடுகள் இருந்தன. எல்லாம் அடியோடு மூடப்பட்டன. அருகில் இருந்த ஒரு பழமையான ஏரி, ஒரே நாளில் கொதித்து ஆவியாகி மறைந்தது.

மொத்தம் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஆனால் தீக்குழம்புக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. அது மெல்ல நகர்ந்ததால் மக்கள் விலகிச் செல்ல முடிந்தது.

கபோஹோவுக்கு இந்தத் துன்பம் புதிது அல்ல. 1960-ம் ஆண்டில் அங்கு ஒரு கிராமம் இதேபோல் நெருப்பில் அழிந்தது. பிறகு மக்கள் அந்தப் பகுதியில் மீண்டும் வீடு கட்டினார்கள். மீண்டும் நெருப்பு வந்துவிட்டது!

எடுத்தது ஒரு கை, கொடுத்தது ஒரு கை

இந்தக் கணக்கில் செலவு மட்டும் அல்ல, வரவும் உண்டு.

தீக்குழம்பு கடலில் விழுந்து இறுகியது. கடல் இருந்த இடத்தில் நிலம் வந்தது. 2018-ம் ஆண்டில் மட்டும் சுமார் 875 ஏக்கர் புதிய நிலம் இப்படி உண்டாயிற்று.

அந்த நிலம் யாருக்குச் சொந்தம்? வீட்டை இழந்தவருக்கா? இல்லை. எரிமலை உண்டாக்கும் புது நிலம் அரசாங்கத்துக்கே உரியது என்று ஹவாய் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் 1977-ம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறிவிட்டது.

இந்த அழிவுக்குக் காரணமான எரிமலையின் பெயர் கிலாவேயா. உலகில் ஓயாமல் குமுறும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. 1983-ம் ஆண்டு ஜனவரி மாதம் தொடங்கிய அதன் குமுறல் 2018 வரை, அதாவது 35 ஆண்டுகள் நீடித்தது!

வீட்டை விழுங்கியதும் அந்த நெருப்புதான். அந்த வீடு நின்ற மண்ணைக் கொடுத்ததும் அந்த நெருப்புதான். ஹவாயின் ஒவ்வொரு தீவும் இப்படித்தான் உண்டாயிற்று.

கடலுக்கு அடியில் ஒரு குழந்தை

தீவு எப்படிப் பிறக்கிறது? அதை இப்போதே பார்க்கலாம்.

பெரிய தீவின் கரையில் இருந்து சுமார் 20 மைல் தூரத்தில், கடலுக்கு அடியில் ஒரு மலை வளர்ந்து வருகிறது. கடலின் அடித்தரையில் இருந்து அது 10,000 அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆனாலும் அதன் உச்சி இன்னும் 3,000 அடிக்கு மேல் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கப்பலில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு மலை இருப்பதே தெரியாது.

அதன் பெயர் கமாஎஹுவாகனலோவா. வாய் நிறைந்த பெயர்! "கடல் தெய்வமான கனலோவாவின் செந்நிறக் குழந்தை" என்று பொருள். முன்பு அதை லோஇஹி என்று அழைத்தார்கள். 2021-ம் ஆண்டில் பழைய மரபுப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

இந்தக் குழந்தை சாது அல்ல. 1996-ம் ஆண்டில் அது புரண்டு படுத்தது. சில வாரங்களில் 4,000-க்கும் மேற்பட்ட சிறு பூகம்பங்கள் பதிவாயின. விஞ்ஞானிகள் நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார்கள். உச்சியின் ஒரு பகுதி இடிந்து, பெரிய பள்ளமாகி இருந்தது!

அது எப்போது கடலுக்கு மேல் தலைகாட்டும்? பத்தாயிரம் ஆண்டுகள் ஆகலாம். ஒரு லட்சம் ஆண்டுகளும் ஆகலாம்.

தலையணைப் பாறைகள்

கடலுக்கு அடியில் நெருப்பு அணைந்துவிடாதா என்று கேட்கலாம்.

உருகிய பாறை கடல் நீரைத் தொட்டதும் அதன் மேல்புறம் சட்டென்று இறுகிவிடும். காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்வதுபோல் ஒரு தோல் உண்டாகும். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். அது தோலைக் கிழித்து, பக்கத்தில் இன்னொரு உருண்டையாகப் பிதுங்கும். அதுவும் இறுகும். இப்படி உருண்டை உருண்டையாகச் சேர்ந்து குவியும். பார்ப்பதற்குத் தலையணைகளை அடுக்கியதுபோல் இருப்பதால் அவற்றுக்குத் "தலையணைப் பாறை" என்றே பெயர்.

மலையின் உச்சி கடல்மட்டத்தை நெருங்கும்போதுதான் ஆர்ப்பாட்டம். நெருப்பும் நீரும் மோதி வெடிக்கும். பாறை தூள்தூளாகிச் சாம்பலாகவும் மணலாகவும் சிதறும். அலை அதை அடித்துச் செல்லும். நெருப்பு மீண்டும் குவிக்கும். இந்தப் போரில் நெருப்பு வென்றால் தீவு பிறக்கும்.

வெளியே வந்தபிறகு குழம்பு அமைதியாக வழிந்து பரவும். அதனால் ஹவாய் மலைகள் செங்குத்தாக இருப்பதில்லை. கவிழ்த்து வைத்த கேடயம்போல் அகலமாகச் சரிந்திருக்கும்.

உலகில் உயரமான மலை எது? எவரெஸ்ட் என்று சிறு குழந்தையும் சொல்லும். கடல்மட்டத்தில் இருந்து அளந்தால் அது சரிதான். பெரிய தீவில் உள்ள மௌனா கியா என்ற மலை கடலுக்கு மேல் சுமார் 13,800 அடி உயரமே தெரிகிறது. ஆனால் கடலின் அடித்தரையில் இருந்து அளந்தால் அதன் உயரம் 33,000 அடி! எவரெஸ்டின் உயரம் சுமார் 29,000 அடிதான்.

கயிற்றுக் கட்டில் தொய்வதுபோல

இவ்வளவு பெரிய மலையைக் கடல்தரை எப்படித் தாங்குகிறது? தாங்கவில்லை என்பதுதான் உண்மை!

பருத்த உடம்புக்காரர் ஒருவர் கயிற்றுக் கட்டிலின் நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர் இருக்கும் இடம் தொய்ந்து, அவரைச் சுற்றிலும் பள்ளம் விழும் அல்லவா? கடலுக்கு அடியிலும் அதே கதைதான்.

பெரிய தீவில் மௌனா லோவா என்று மற்றொரு எரிமலை இருக்கிறது. உலகின் மிகப் பெரிய எரிமலைகளில் ஒன்று அது. 1984-ல் குமுறி, பிறகு 38 ஆண்டுகள் உறங்கி, 2022 நவம்பரில் மீண்டும் விழித்தது. அந்த ஒரு மலையின் பாரத்தால் கடல்தரை சுமார் 5 மைல் கீழே அமுங்கி இருக்கிறது!

ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக் கடலின் அடியில், கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழிபோல் ஓர் ஆழமான பள்ளம் ஓடுகிறது. அதற்கு அப்பால் கடல்தரை மெல்ல மேடாக வளைந்திருக்கிறது. பாரம் அமுக்கிய இடம் பள்ளம். அதன் விளைவாக நிமிர்ந்த இடம் மேடு.

ஆகவே தீவு வளரும்போதே அமிழவும் செய்கிறது. இதற்குக் கடலே சாட்சி. பவளப்பூச்சிகளில் பாறை கட்டுபவை, வெயில் படும் ஆழமற்ற நீரில்தான் நன்றாக வளரும். ஆனால் பெரிய தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி, 3,000 அடிக்கும் கீழே பழைய பவளப் பாறைகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவை கரையோரத்தில் இருந்தவை. தீவோடு சேர்ந்து மூழ்கிவிட்டன.

பக்கத்தில் உள்ள மாவி, மொலகாய், லானாய், கஹோலாவே ஆகிய நான்கும் முன்பு ஒரே தீவாக இருந்தன. அந்தப் பெருந்தீவு அமிழ்ந்தபோது பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்தது. இன்று உச்சிகள் மட்டும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன.

பாதி மலை சரிந்தது!

தலைநகரமான ஹானலூலு இருக்கும் தீவு ஒவாஹு. அதன் வடகிழக்குப் பக்கத்தில் சுவர்போல் உயர்ந்த மலைச்சரிவுகள் பல மைல் நீளத்துக்கு நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அந்த அழகைக் கண்டு மயங்குகிறார்கள்.

ஆனால் அது ஒரு பெரிய விபத்தின் தழும்பு!

பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, அங்கிருந்த எரிமலையின் ஏறக்குறைய பாதி அப்படியே உடைந்து கடலுக்குள் சரிந்தது. துண்டுகள் கடல்தரையில் 100 மைலுக்கு அப்பாலும் சிதறின. அவற்றில் ஒரு துண்டு மட்டும் சுமார் 18 மைல் நீளம். 6,000 அடி உயரம். ஒரு மலைத்தொடரே பெயர்ந்து போனதுபோல!

ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடல் ஆழப் படங்களைப் பார்த்து 1964-ம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1980-களின் பிற்பகுதியில் ஒலி அலைகளைச் செலுத்திக் கடல்தரையைப் படம் பிடித்தார்கள். மூர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஒன்றல்ல, ஹவாயைச் சுற்றிலும் இப்படிப் பல சரிவுகள் கிடந்தன!

பெலே தேவியின் ஓட்டம்

ஹவாய் மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு.

நெருப்புத் தெய்வத்தின் பெயர் பெலே. அவளுக்கும் கடல் தெய்வமான அவளுடைய அக்காளுக்கும் தீராப் பகை. பெலே வடமேற்கில் உள்ள காவாயித் தீவுக்கு வந்து நெருப்புக்குழி தோண்டினாள். அக்காள் அலையோடு வந்து அதை அணைத்தாள். பெலே ஒவாஹுவுக்கு ஓடினாள். அங்கும் கடல் விடவில்லை. மாவிக்கு ஓடினாள். கடைசியில் பெரிய தீவுக்கு வந்து, கிலாவேயாவின் உச்சியில் குடியேறினாள். இன்றும் அவள் அங்கே இருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை.

கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். தீவுகளின் வயதை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். காவாயிக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். ஒவாஹுவுக்கு 30 முதல் 40 லட்சம். மாவிக்கு 10 முதல் 20 லட்சம். பெரிய தீவுக்கு 10 லட்சத்துக்கும் குறைவு. பெலே ஓடிய வரிசை அப்படியே இருக்கிறது!

பாறைகள் தேய்ந்திருப்பதையும் மண் படிந்திருப்பதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள், எது மூத்தது, எது இளையது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 1840-ம் ஆண்டில் அங்கு சென்ற ஜேம்ஸ் டானா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் வடமேற்கே போகப்போகத் தீவுகள் முதுமை அடைவதைக் குறித்து வைத்தார்.

விளக்கும் தகடும்

ஏன் இந்த வரிசை? 1963-ம் ஆண்டில் கனடா நாட்டு விஞ்ஞானி டியூசோ வில்சன் விடை சொன்னார்.

எரியும் விளக்குக்கு மேலே ஒரு தகட்டைப் பிடியுங்கள். சுடர் படும் இடத்தில் கரி படியும். தகட்டை ஒரே பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். கரிப்புள்ளிகள் வரிசையாக விழும். விளக்கு ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நகர்வது தகடு!

பசிபிக் கடலின் அடித்தரையே அந்தத் தகடு. அது மிகப் பெரிய பாறைத் தட்டு. ஆண்டுக்கு மூன்று, நான்கு அங்குல வேகத்தில் வடமேற்கே நகர்கிறது. விரல் நகம் வளரும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆனால் பத்து லட்சம் ஆண்டுகளில் அது சுமார் 55 மைல் ஆகிவிடும்! அதற்குக் கீழே, பூமியின் ஆழத்தில் ஒரு நெருப்பு ஊற்று இருக்கிறது. அதன் நேர்மேலே வரும் இடத்தில் எரிமலை முளைக்கிறது. தட்டு நகர்ந்ததும் அந்த எரிமலை நெருப்பை இழக்கிறது. அடுத்த எரிமலை பிறக்கிறது.

வில்சனின் கட்டுரை லேசில் ஏற்கப்படவில்லை. பிறகு சிறு திருத்தமும் வந்தது: விளக்கும் ஒரு காலத்தில் மெல்ல நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அவருடைய அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

பவளப்பூச்சியின் போட்டி

நெருப்பை இழந்த தீவுக்கு முதுமைதான். மழை அரிக்கிறது, அலை அரிக்கிறது, அடியில் உள்ள தட்டும் சூடு தணிந்து தாழ்கிறது.

அப்போது அதற்கு ஊன்றுகோலாக வருவது ஒரு சிறிய உயிர். பவளப்பூச்சி!

தீவைச் சுற்றிப் பவளப்பூச்சிகள் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. தீவு ஓர் அங்குலம் தாழ்ந்தால் அவை ஓர் அங்குலம் மேலே கட்டுகின்றன. எரிமலை முழுவதும் மூழ்கிய பிறகும் வளையம்போல் பவளம் மட்டும் மிஞ்சுகிறது. நடுவில் அமைதியான நீர்.

இதை 1842-ம் ஆண்டிலேயே எழுதியவர் சார்லஸ் டார்வின். துளை போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும் என்று அவர் நம்பினார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. 1952-ம் ஆண்டில், பசிபிக்கில் உள்ள மார்ஷல் தீவுகளில் எனிவெடாக் என்ற பவளத்தீவில் துளையிட்டார்கள். பவளச் சுண்ணாம்பு, பவளச் சுண்ணாம்பு என்று 4,000 அடிக்கு மேல் போயிற்று. அதற்குக் கீழே இருந்தது எரிமலைப் பாறை!

ஹவாய் வரிசையிலும் 1965-ம் ஆண்டில் அப்படித் துளையிட்டார்கள். ஹானலூலுவுக்கு வடமேற்கே 1,300 மைல் தூரத்தில் உள்ள மிட்வே என்ற பவளத்தீவு அது. இரண்டாவது உலகப் போரில், 1942-ம் ஆண்டில், பெரும் கடற்போர் நடந்த இடம். அங்கும் பவளத்துக்கு அடியில் எரிமலைப் பாறை அகப்பட்டது. அந்த எரிமலைக்கு வயது சுமார் 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகள்!

கிழப் பறவையும் கிழத் தீவும்

மிட்வே இன்று பறவைகளின் ராஜ்யம். அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகள் உலகிலேயே அங்குதான் மிக அதிகமாகக் கூடி முட்டையிடுகின்றன.

அவற்றில் ஒரு பறவைக்கு 1956-ம் ஆண்டில் காலில் வளையம் மாட்டினார்கள். அப்போதே அது முட்டையிடும் பருவத்தில் இருந்தது. அதற்கு விஸ்டம், அதாவது "ஞானம்" என்று பெயர். 2024-ம் ஆண்டின் கடைசியிலும் அது மிட்வேக்கு வந்து ஒரு முட்டை இட்டது. வயது 70-க்கு மேல்!

ஆனால் அந்தத் தீவு கடலுக்கு மேல் சில அடி உயரமே நிற்கிறது. 2011 மார்ச் மாதம் ஜப்பானில் பூகம்பம் ஏற்பட்டு சுனாமி எழுந்தது அல்லவா? அந்த அலை மிட்வேயையும் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் மாண்டன. விஸ்டமும் அதன் குஞ்சும் தப்பின.

அதே வரிசையில் கிழக்குத் தீவு என்று ஒரு சிறு மணல்திட்டு இருந்தது. பச்சை ஆமைகள் முட்டையிடும் இடம். 2018 அக்டோபரில் வீசிய ஒரு சூறாவளி, ஒரே இரவில் அதை ஏறக்குறைய முழுவதும் கரைத்துவிட்டது. அடியில் எரிமலை மூழ்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆனபின், பவள மணலை மட்டும் நம்பி நின்ற தீவு அது. கடல்மட்டமும் உயர்ந்து வரும் இந்தக் காலத்தில், இத்தகைய தீவுகளில் கூடு கட்டும் உயிர்களுக்குப் போக்கிடம் குறைந்து வருகிறது.

கடைசிப் பயணம்

மிட்வேக்கு அப்பால் கூரே என்ற பவளத்தீவு இருக்கிறது. வரிசையில் கடைசித் தீவு அதுதான். அதற்கு வடக்கே கடல் குளிர்ச்சி. பவளப்பூச்சியின் வேகம் குறைகிறது. அமிழும் மலையோடு அதனால் போட்டியிட முடியவில்லை. விஞ்ஞானிகள் அந்த எல்லைக்கு "டார்வின் முனை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அப்பால் தீவு இல்லை. ஆனால் கடலுக்கு அடியில் வரிசை தொடர்கிறது. நடுவில் முழங்கைபோல் வளைந்து, வடக்கே திரும்புகிறது. எல்லாம் மூழ்கிய மலைகள்.

பசிபிக் கடலில் இப்படி மூழ்கிய மலைகள் பலவற்றின் தலை மேசைபோல் தட்டையாக இருக்கும். இரண்டாவது உலகப் போரின்போது, ஹாரி ஹெஸ் என்ற பேராசிரியர் போர்க்கப்பல் ஒன்றின் தலைவராக இருந்தார். போகும் வழியெல்லாம் ஆழம் அளக்கும் கருவியை இயங்க விட்டு, இந்தத் தட்டை மலைகளைக் கண்டுபிடித்தார். ஒரு காலத்தில் கடல்மட்டத்தில் நின்றபோது அலைகள் சீவிய தலைகள் அவை!

வரிசையின் மொத்த நீளம் சுமார் 3,700 மைல். வடகோடியில் ரஷ்யாவின் கம்சத்கா கரைக்கு அருகே மெய்ஜி என்ற மூழ்கிய மலை இருக்கிறது. வயது 8 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன் முன்னே ஒரு மாபெரும் ஆழ்பள்ளம். கடல்தட்டு அங்கேதான் வளைந்து பூமிக்குள் இறங்குகிறது. ஏறியிருக்கும் மலையும் தப்பாது. பூமியில் இருந்து வந்த பாறை பூமிக்கே திரும்புகிறது.

துளிர்த்தது பச்சை

2018 ஆகஸ்டு மாதத்துக்குள் லெயிலானியில் நெருப்பு ஓய்ந்தது. மக்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. பொஹோயிகி என்ற மீனவர் துறையில், தீக்குழம்பு படகு இறக்கும் இடத்துக்குச் சில நூறு அடி தூரத்தில் நின்றுவிட்டது. துறை தப்பியது என்று மகிழ்வதற்குள், எரிமலைக் கருமணல் வந்து குவிந்து வாயை அடைத்துவிட்டது! படகு இறக்க வழி இல்லாமல் மீனவர்கள் தவித்தார்கள். அதே மணல், பக்கத்தில் ஒரு புதிய கடற்கரையாக விரிந்தது. குழந்தைகள் அங்கு விளையாடினார்கள்.

கிலாவேயா சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பர் 23-ந் தேதி அதன் உச்சியில் மீண்டும் நெருப்பு ஊற்று பீறிட்டது.

தீக்குழம்பு ஆறிக் கறுத்த பாறையில் ஒன்றுமே முளைக்காது என்றுதான் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அதன் வெடிப்புகளில் சிறு பெரணிச் செடிகள் தலைநீட்டுகின்றன. அவற்றோடு ஓஹியா என்ற மரத்தின் கன்றும் துளிர்க்கிறது. செந்நிறப் பூப் பூக்கும் மரம் அது. பெலேக்கு உரிய மரம் என்று ஹவாய் மக்கள் அதைப் போற்றுகிறார்கள்.

தீவின் ஆயுள் கோடிக்கணக்கான ஆண்டுகள். அந்த ஓஹியா மரத்தின் ஆயுள் சில நூறு ஆண்டுகள். அங்கு வீடு கட்டிய மனிதனின் ஆயுளோ அதிலும் குறைவு. ஆனாலும் நெருப்பு ஆறியதும் முதலில் மரம் துளிர்க்கிறது. அதன் பின்னாலேயே மனிதனும் வந்துவிடுகிறான்!